ஃபைட்டர் தொட்டியில வேற யாரை விடலாம்?

தம்பி, கொளத்தூர் மீன் கடையில இருந்து ஃபைட்டர் வாங்கிட்டு வந்த கையோட “தனியா இருக்கான், பாவம், கூட நாலு மீன் விடலாமாக்கா?”ன்னு கேட்டே. முதல்ல அந்தப் பாவத்தை ஓரமா வை. தனியா இருந்தா ஏங்குற மீன் இல்லடா இது. தாய்லாந்துப் பக்கம் வயல்லயும், புல் மண்டின ஆழமில்லாத குட்டையிலயும் ஒரு மூலையைத் தனக்குன்னு பிடிச்சுக்கிட்டு, இன்னொரு ஆண் வந்தா விரட்டுற மீன். அந்த முரட்டுக் குணத்தையே பொறுக்கி எடுத்து, தலைமுறை தலைமுறையா சண்டைக்குன்னு வளர்த்துட்டாங்க. 2019-ல தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சிடுச்சு. அவ்வளவு பெருமை இருக்குற ஆளுக்கு நம்ம துணை எதுக்கு? தொட்டி நிறைய மீன் ஓடணும்ங்கிற ஆசை உன்னோடது. ஆசைப்படு, தப்பில்ல. ஆனா அதுக்கான மெனக்கெடலும் உன்னோடதா இருக்கணும்.

மீன் பேரை எல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல தொட்டியோட அளவைப் பாரு. 20 லிட்டருக்குக் கீழன்னா பேச்சே வேண்டாம், அவன் மட்டும்தான். ரொம்ப ஆசையா இருந்தா ஒரு நத்தை. நீ சொன்ன ரெண்டு அடித் தொட்டி, அதாவது 24-க்கு 12-க்கு 12 அங்குலம், கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். மணலும் கட்டையும் போட்டு, மேல ரெண்டு அங்குலம் காலி விட்டா நிஜத்துல 45 லிட்டர்தான் நிக்கும். அந்த ரெண்டு அங்குலத்தைக் கண்டிப்பா விடு. ஃபைட்டர் செவுள்ல மட்டும் மூச்சு விடறதில்ல, மேல வந்து காத்தையும் குடிக்கும். மூடியும் போட்டே ஆகணும், துள்ளிக் குதிச்சு வெளியே விழுந்துடுவான். இந்த அளவுல அவனோட சேர்த்து ஒரு சின்னக் கூட்டத்தை வைக்கலாம். புதுசா வாங்குறதா இருந்தா உயரமான தொட்டியை எடுக்காதே, நீளமானதை எடு. ஒருத்தன் கண்ணுல படாம இன்னொருத்தன் ஒதுங்கணும்னா நீளம்தான் உதவும்.

அடுத்தது தண்ணி. இதைத்தான் யாரும் பாக்கிறதில்ல. உங்க ஃபிளாட்ல வர்றது மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா? மெட்ரோன்னா குளோரின் இருக்கும், கடையில விக்கிற ஆன்ட்டி குளோரின் விட்டாத்தான் மீனுக்கு ஆகும். போர்னா பிரச்சினையே வேற. தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு டிடிஎஸ் மீட்டர் வச்சு ஒரு தடவை பாரு. 1000-ஐத் தொடுற ஏரியான்னா டெட்ரா, ராஸ்போரா மாதிரி கூட்டமா திரியுற சின்ன மீனெல்லாம் அந்தத் தண்ணியில ரொம்ப நாள் தாங்காது. அதுங்க பூர்வீகத்துல மழைத்தண்ணி மாதிரி மெல்லிசான தண்ணியில இருக்குறதுங்க. ஆர்.ஓ. தண்ணியைக் கலந்து இறக்கலாம், ஆனா வாராவாரம் தண்ணி மாத்தும்போதெல்லாம் கலக்கணும். உன்னால முடியுமான்னு யோசிச்சுக்கோ. இதுல ஒரு கூத்து பாரு: கடினத் தண்ணிக்கு ஜம்முனு ஒத்துப்போற குப்பியும் மோலியும்தான் ஃபைட்டருக்கு ஒத்துவராது. போர் தண்ணிக்காரங்களுக்கு நான் சொல்றது நத்தைதான். அந்தத் தண்ணியில நத்தை ஓடு நல்லா கெட்டியா வளரும்.

சூட்டையும் பாரு. ஃபைட்டருக்கு 25 முதல் 28 டிகிரி சுகம். சென்னையில மே மாசம் தொட்டித் தண்ணி 30-ஐத் தாண்டிடும். தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும். மேல வந்து காத்தைக் குடிக்கிற அவன் எப்படியோ சமாளிப்பான். கூட இருக்கிற டெட்ராவுக்கு அந்த வழி இல்ல. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்னாலும் இதே கதைதான். அதனால கூட்டமா மீன் விடற தொட்டிக்கு பேட்டரில ஓடுற ஒரு சின்ன ஏர் பம்ப்பும் சேர்த்து வாங்கி வை. ஃபில்டர் ஸ்பான்ஜா இருக்கட்டும், காத்தைக் கொறச்சு விடு. வேகமா தண்ணி அடிச்சா அவ்வளவு பெரிய வாலைத் தூக்கிக்கிட்டு அவனால நீந்த முடியாது.

இப்ப ஆளைத் தேடலாம்

அவன் கண்ணுல யாரெல்லாம் எதிரின்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. பளிச்சுனு நிறம், விரிஞ்ச வால், மெதுவான நடை: இந்த மூணும் இருந்தா “இன்னொரு ஃபைட்டர்”னு நினைச்சுப்பான். அவன் நடமாடுறது பெரும்பாலும் மேல்தட்டுல. அதனால நடுவுலயோ அடியிலயோ திரியுற, மெலிஞ்ச, சாது மீனா தேடு. அவன் வாய்க்குள்ள போற அளவுக்குச் சின்னதா இருக்கக் கூடாது, அவன் வாலைக் கடிக்கிற குறும்பும் இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டா முதல் இடம் ஹார்லிக்வின் ராஸ்போராவுக்கு. உடம்புல முக்கோணமா கறுப்பு அடையாளம் இருக்குமே, அதுதான். நடுத்தட்டுல கூட்டமாவே சுத்தும், யார் வம்புக்கும் போகாது. மலேசியா, சுமத்ராப் பக்கத்து மீன், அதனால ஃபைட்டருக்கு ஏத்த சூடு இதுக்கும் ஏறக்குறைய சரியா வரும். எட்டு வாங்கு. ரெண்டு மூணு மட்டும் விட்டா அதுங்க மிரண்டுபோய் மூலையில நிக்கும், இல்லேன்னா சண்டை போடும். எம்பர் டெட்ராவும் நல்லதுதான், ஆனா ரெண்டு சென்டிமீட்டர் மீன். செடி அடர்த்தியா இருந்தாத்தான் தப்பும். நியான் டெட்ராவை எல்லாக் கடையிலயும் சிபாரிசு பண்ணுவாங்க. அது கொஞ்சம் குளிர்ச்சி கேக்குற மீன், நம்ம ஊர் வெயில்ல சுருக்கா போயிடும். அதே மாதிரி நீலமும் சிவப்புமா இருக்குற கார்டினல் டெட்ரா சூட்டை இன்னும் நல்லா தாங்கும்.

அடித்தட்டுக்கு கோரிடோராஸ். மீசையை மணல்ல விட்டுத் துழாவிக்கிட்டே போற அழகைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். இதுலயும் எந்த ரகம்னு கேட்டு வாங்கு. பாண்டா கோரியும் பெப்பர்ட் கோரியும் குளிர்ச்சி விரும்பிங்க. ஸ்டெர்பாய் கோரிதான் சூடு தாங்கும். கிடைக்கிறது கொஞ்சம் கஷ்டம், விலையும் கூட, இருந்தாலும் தேடு. கோரியும் நடுநடுவுல விர்ருனு மேல வந்து காத்தைக் குடிச்சிட்டுப் போகும், உடம்புக்கு என்னமோன்னு பயந்துடாதே. கூரான ஜல்லியைப் போடாதே, மீசை தேஞ்சுபோயிடும். வலையில பிடிச்சா முள் மாட்டிக்கும், டம்ளர்ல மொண்டு எடு. நாப்பத்தஞ்சு லிட்டர்ல ராஸ்போரா எட்டோட கோரி ஆறும் விட்டா அதுதான் உச்சம். முதல்ல ஒரு கூட்டத்தை மட்டும் விட்டுட்டு, ரெண்டு மாசம் போனதும் அடுத்ததைப் பத்தி யோசி. மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்குற குஹ்லி லோச்சும் அருமையான மீன்தான், ஆனா காசு கொடுத்துட்டு மாசக்கணக்கா கண்ணுலயே பாக்காம இருக்கத் தயாரா இருக்கணும்.

நத்தையில நெரைட் வாங்கு. பாசியைத் தின்னும், நன்னீர்ல குட்டி பெருகாது. கண்ணாடியில வெள்ளை வெள்ளையா முட்டைப் புள்ளி மட்டும் வைக்கும். ஆப்பிள் நத்தையோட நீளமான கொம்பைப் புழுன்னு நினைச்சு ஃபைட்டர் கொத்துவான். செர்ரி இறால் விட்டா, அது துணை இல்ல, சாப்பாடு. தாமிரம் கலந்த மருந்து ஊத்தினா நத்தை, இறால் ரெண்டுமே செத்துடும், அதையும் ஞாபகம் வச்சுக்கோ.

கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம்

இன்னொரு ஃபைட்டர் கூடவே கூடாது, பெண்ணா இருந்தாலும்தான். ஜோடியாகி முட்டை வச்சு முடிஞ்சதும் ஆண் அவளை அடிச்சுத் துரத்துவான். கௌராமி அவனோட சொந்தக் குடும்பம், அதனாலயே ஆகாது. ஆண் குப்பியோட வாலைப் பாத்தாலே அவனுக்குச் சுருசுருன்னு வரும். டைகர் பார்ப், செர்பே டெட்ரா, மிட்டாய் கலர்ல விக்கிற விடோ டெட்ரா இதெல்லாம் அவன் வாலைத் துணி மாதிரி கிழிச்சிடும். டெட்ரான்னு பேர் இருந்தாலே சாதுன்னு நம்பிடாதே. ஏஞ்சல் மீனும் வளர்ந்ததும் கொத்தும். கோல்ட் ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும், கழிவும் நிறையப் போடும்.

“தொட்டியைச் சுத்தம் பண்ணும்”னு சொல்லி ஒரு சக்கர் மீனைத் தலையில கட்டுவாங்க பாரு, அதுக்கு மட்டும் கண்டிப்பா தலையாட்டாதே. விரல் நீளத்துல வர்றது ஒரு அடிக்கு மேல வளரும். மெதுவா நீந்துற மீன் ராத்திரி தூங்கும்போது மேல ஒட்டி, உடம்புல இருக்கிற வழவழப்பை உறிஞ்சும். பெருசானதும் வைக்க இடமில்லேன்னு ஏரியில கொண்டு விடுறாங்க, அது அங்க இருக்கிற நம்ம நாட்டு மீனை ஒழிச்சுக்கிட்டு இருக்கு.

குடி வைக்கிற விதம்

தொட்டி பழகி இருக்கணும். ஃபில்டர்ல நல்ல பாக்டீரியா உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்னு சோதனைக் கிட் காட்டுற வரைக்கும் கூட்டத்தை வாங்காதே. வாங்கினதும் நேரா தொட்டியில கொட்டாதே. ஒரு பக்கெட்ல ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்டு ரெண்டு மூணு வாரம் தனியா வச்சுப் பாரு. உடம்புல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா அங்கேயே வைத்தியம் பாத்துடலாம். கடையிலயே, சாப்பாடு போடச் சொல்லிப் பாத்து, ஓடி வந்து சாப்பிடுறதை மட்டும் வாங்கு. அந்தத் தொட்டியில ஒரு மீன் செத்து மிதந்தாலும் மத்ததை எடுக்காம வந்துடு.

விடற அன்னைக்கு ஃபைட்டரை ஒரு டப்பாவுல எடுத்து வை. கட்டை, செடி எல்லாத்தையும் இடம் மாத்து. மணி பிளாண்ட் வேரைத் தண்ணிக்குள்ள தொங்க விடு, தெருவுல கிடக்கிற காஞ்ச பாதாம் இலையைக் கழுவி ரெண்டு போடு, ஒளிய நல்ல மறைவு கிடைக்கும். தண்ணி டீ நிறமாகும், கெடுதல் இல்ல. லைட்டை அணைச்சிட்டு புது மீனை விட்டு, சில மணி நேரம் கழிச்சு அவனைக் கடைசியா விடு. தன் இடம்ங்கிற நினைப்பு கலைஞ்சிருக்கும்.

முதல் நாள் செவுளை விரிச்சுக் காட்டுவான், ரெண்டு துரத்து துரத்துவான். விடு, பழகட்டும். ரெண்டு நாளைக்கு அப்புறமும் ஓயாம துரத்தினா, புது மீன் சாப்பிட வராம மூலையிலயே நின்னா, யாரோட துடுப்பாவது கிழிஞ்சிருந்தா பிரிச்சிடு. பெரிய வால் இருக்கிற ஹாஃப்மூன் சில சமயம் தன் வாலைத் தானே கடிச்சுக்கும், அதனால கூட இருக்கிறவங்க மேல உடனே பழி போடாம கொஞ்ச நேரம் நின்னு கவனி. குட்டை வால் பிளாக்காட் வச்சிருக்கிறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், அது வேகமா நீந்தி எட்டிப் பிடிச்சிடும். எல்லா ஃபைட்டரும் ஒரே குணம் கிடையாது. சிலது நத்தையைக் கூட விடாது, அதைத் தனியாவே வச்சுக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டுல ஒரு தந்திரம்: முதல்ல அவனுக்கு ஒரு ஓரத்துல நாலு உருண்டை போடு, அவன் அதுல மும்முரமா இருக்கும்போது எதிர்ப் பக்கம் மத்ததுக்குப் போடு. கோரிக்கான அடியில போற உருண்டையை லைட் அணைச்ச பிறகு போடு, இல்லேன்னா அதையும் இவனே தின்னு வயிறு ஊதிக் கிடப்பான்.

அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, ஓட்டை போட்ட மூடியோட, எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். சண்டை முத்துற நேரத்துல கடை திறந்திருக்கும்னு சொல்ல முடியாது. வாங்குறதுக்கு முன்னாடியே “ஒத்துவரலேன்னா திருப்பி எடுத்துப்பீங்களாண்ணே?”ன்னு கேட்டு வச்சுக்கோ. மாட்டேன்னு சொன்னா வேற கடை பாரு, கொளத்தூர்ல கடைக்கா பஞ்சம்?