கடலும் ஓர் அமானிதம்

கோட்டைப்பட்டினத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், விசைப்படகுத் தொழில் செய்யும் வாலிபர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். “ஹஜ்ரத்! கடல் வேட்டையை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்கிறார்கள். ஹலாலைத் தடுக்க இவர்கள் யார்?”

கேள்வி நியாயமானது. விடையும் தெளிவானது. கடல் வேட்டையை ஹலாலாக்கிய அதே மாயிதா அத்தியாயத்தின் 96ஆவது ஆயத்திலேயே, இஹ்ராமில் இருப்போருக்குத் தரை வேட்டை விலக்கப்பட்டிருக்கிறது. ஹலாலான பொருளும் ஒரு காலத்தில் விலக்கப்படலாம் என்பது இதனால் விளங்குகிறது. மக்களின் பொதுநலனுக்காக, ஆகுமான ஒன்றை ஆட்சியாளர் ஓர் அளவோடு கட்டுப்படுத்தலாம் என்பது ஃபுகஹாக்கள் ஏற்ற விதி. இந்த 61 நாளும் மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்று கருதியே குறிக்கப்பட்டவை. சினை மீனை அரித்தெடுத்துவிட்டால் மறு ஆண்டு வலையில் எது விழும்?

சனிக்கிழமைக்காரர்கள்

அஃராஃப் அத்தியாயத்தில் கடலோர ஊரார் சிலரின் வரலாறு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாதென்பது அவர்களுக்கிடப்பட்ட கட்டளை. அன்றுதான் மீன்கள் மேலே திரண்டு வரும். மற்ற நாட்களில் வாரா. அவர்கள் தந்திரம் செய்தார்கள். வெள்ளியன்றே வலை விரித்து, ஞாயிறன்று அள்ளினார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

அவ்வூரில் மூன்று கூட்டத்தார் இருந்தனர். ஒரு கூட்டம் வரம்பு மீறியது. ஒன்று தடுத்தது. ஒன்று, “அழியப்போகிறவர்களுக்கு உபதேசம் எதற்கு?” என்ற போக்கில் ஒதுங்கி நின்றது. தடுத்தவர்கள் ஈடேறினார்கள், மீறியவர்கள் பிடிபட்டார்கள். ஒதுங்கியவர்களின் முடிவைத் திருமறை வெளிப்படையாகச் சொல்லவில்லை. நம் ஊர்களின் உலமாக்களும், ஜமாஅத் நிர்வாகிகளும், மீனவர் சங்கத் தலைவர்களும் அந்த மௌனத்தைக் கண்டு அஞ்ச வேண்டாமா?

கப்பலின் அடித்தட்டு

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறிய ஓர் உவமை புகாரி ஷரீஃபில் இருக்கிறது. ஒரு கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் அடித்தட்டிலும் பயணம் செய்கிறார்கள். அடித்தட்டார் தண்ணீருக்கு மேலே ஏறவேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று, தங்கள் பங்கில் துளையிட நினைக்கிறார்கள். அவர்கள் கையைப் பிடித்தால் எல்லாரும் பிழைப்பர்; விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவர்.

பாக் விரிகுடா இன்று அந்தக் கப்பலைப் போலிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்ற முறை இங்கு ஏற்பட்டது, இருவரும் பிழைப்பதற்காகவே. தடை செய்யப்பட்ட இரட்டை மடியை இழுப்பவர் கடலடியைச் சுரண்டி, குஞ்சு மீனையும் சேர்த்தே அள்ளிவிடுகிறார். எல்லை தாண்டி இழுக்கும்போது, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள ஏழை மீனவரின் வலை அறுகிறது. அவரும் நம் மொழி பேசுபவர்தாம். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. எல்லை தாண்டுவோர் சிறைக்குப் போகிறார்கள், படகும் பறிபோகிறது. பிறர் வலையை அறுத்து வந்த வருமானத்தில் அடியார்களின் ஹக்கு கலந்திருக்கிறது. அதற்குத் தவ்பா மட்டும் போதாது. உரியவரிடம் தீர்க்க வேண்டும்.

ஆனால் அடித்தட்டார் கெட்டவர்களல்லர். அவர்களுக்குத் தண்ணீர் தேவை. ஆகவே கையைப் பிடிப்பவர், தண்ணீருக்கும் வழி காட்ட வேண்டும்.

ஒரு தீவின் பாடம்

கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபாரைச் சேர்ந்த பெம்பா தீவுக்கு மேற்கே மிஸாலி என்றொரு சிறு தீவு உண்டு. அதைச் சுற்றிய பவளப்பாறைகளை நம்பி வாழும் மீனவர்கள் முஸ்லிம்கள். சிலர் வெடி வைத்து மீன் பிடித்ததால் பாறைகள் நொறுங்கின. 1998இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் போன்றோர் அங்குள்ள ஆலிம்களோடு அமர்ந்து, படைப்பு அமானிதம், மனிதன் அதற்குப் பொறுப்பாளி என்ற பாடங்களைத் திருமறையிலிருந்து எடுத்து விளக்கினர். இமாம்கள் அதைப் பள்ளிவாசல்களில் எடுத்துச் சொன்னார்கள். சட்டத்துக்கு இணங்காத பலர், மார்க்கத்துக்கு இணங்கி அப்பழக்கத்தைக் கைவிட்டனர்.

நமது கடலிலும் அமானிதம் உண்டு. ஆவுளியா எனப்படும் கடற்பசு, கடல்புல் தின்று வாழும் சாதுவான பிராணி. பல ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே ஈனும். அதற்காகத் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 செப்டம்பரில் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் புல்வெளிதான் மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் தொட்டில். வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை பாராட்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

தடைக்காலத்துக்கு முந்தைய ஜும்ஆவில் இதைப் பயானாகச் சொல்ல வேண்டும்.

அந்த 61 நாளும் உலை கொதிக்காத கூலி மீனவர் வீடுகளைக் கணக்கெடுத்து, தகுதியுள்ளோருக்கு ஜகாத்தும், ஏனையோருக்கு வட்டியில்லாக் கடனும் பைத்துல்மாலிலிருந்து கிடைக்கச் செய்ய வேண்டும். முன்பணக் கடனில் சிக்கியவரிடம் ‘மடியை விடு’ என்றால் அவர் எப்படி விடுவார்?

இழுவைப் படகுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரை பிடிக்கும் படகு தரும் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது. அப்போது ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாயாக இருந்தது. பெரும்பகுதி அரசு மானியம், 10 விழுக்காடு மீனவர் பங்கு, 20 விழுக்காடு வங்கிக் கடன் என்று வகுக்கப்பட்டிருந்தது. வட்டிக்கு அஞ்சுகிறவர்களுக்காக, ஊர்ச் செல்வந்தர்கள் லாப நட்டத்தில் பங்கேற்கும் முஷாரகா முறையில் முன்வரலாமே!

அந்த வாலிபரிடம் இவ்வளவையும் சொன்னோம். அவர் சற்று யோசித்து, “அந்தக் கடனுக்கு வழி சொல்லுங்கள், ஹஜ்ரத், மடியை நான் விடுகிறேன்” என்றார். இப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். கடலை நமக்கு வசப்படுத்தித் தந்த வல்ல நாயன், அந்த அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.