கொரியாவில் ஜொன்செ வீடு: முன்பணம் பத்திரம்

கொரியாவின் ஜொன்செ, நம்மூர் ஒத்திக்கு வீடு எடுப்பது போலத்தான். மாத வாடகை கிடையாது. பெருந்தொகையை உரிமையாளரிடம் கட்டிவிட்டு, வழக்கமாக 2 ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர் கையில் பணம் இருந்தால்!

வீட்டின் மீதான வங்கிக் கடனையும் உங்கள் முன்பணத்தையும் கூட்டிப் பாருங்கள். வீட்டு விலையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். விலையையே தொட்டுவிட்டால் அதற்கு அங்கே பெயர் ‘காலி டின் ஜொன்செ’.

குடியேறிய அன்றே வட்டார அலுவலகத்தில் முகவரி மாற்றத்தைப் பதிந்து, ஒப்பந்தத் தாளில் தேதி முத்திரை வாங்குங்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு. முன்பணத்தின் மீது இவை தரும் உரிமை மறுநாள் நள்ளிரவு 0 மணிக்குத்தான் தொடங்கும். உரிமையாளர் அன்றைக்கே வீட்டை அடமானம் வைத்தால் வங்கி முந்திக்கொள்ளும். ‘மறுநாள் முடியும்வரை அடமானம் வைக்கமாட்டேன்’ என்று தனி நிபந்தனை எழுதி வாங்குங்கள். முன்பணத்தின் மீதியைக் கொடுக்கும் நாள் காலையில் சொத்துப் பதிவு நகலை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பதும் நல்லது. சில நிமிட வேலைதான்.

தொடர்ந்து இருக்க விருப்பமா? ஒப்பந்தம் முடிய 6 மாதத்துக்கும் 2 மாதத்துக்கும் இடையில் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நீட்டிக்கும் உரிமையை 2020 சட்டத் திருத்தம் தந்திருக்கிறது. அப்போது முன்பணத்தை 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது.