இலவச டிரைவர் படம் காட்ட மட்டுமா?

"அண்ணே, லினக்ஸோட வர்ற டிரைவர் சும்மா படம் காட்டத்தான். கேம் ஆடணும்னா கம்பெனி சைட்ல இருந்து இறக்கிப் போடணும்."

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து பழைய பிசியைத் தூக்கிக்கொண்டு "லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்க" என்று வில்லியனூருக்கு என்னிடம் வருகிற பிள்ளைகள் இந்த ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். யார் சொன்னது என்றால் யூடியூப். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவருக்கு இது முழுப் பொய். இதை நம்பி ஓடுகிற கணினியைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்களே என்பதுதான் என் கோபம்.

பாகூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கார்டு. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போட்டால் நொண்டி நொண்டி நகர்கிறது. இலவச டிரைவர்தான் காரணம் என்று முடிவுகட்டி, ஏஎம்டி தளத்திலிருந்து தொகுப்பை இறக்கி மின்ட்டில் திணித்திருக்கிறார். அந்தத் தொகுப்பு உபுண்டுவின் குறிப்பிட்ட சில பதிப்புகளுக்கும் ரெட் ஹாட், சூசே நிறுவனப் பதிப்புகளுக்கும் என்று செய்யப்பட்டது. மின்ட்டில் டெஸ்க்டாப்பே வராமல் போய்விட்டது.

தொகுப்பை நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எந்த டிரைவர் வரைகிறது என்று டெர்மினலில் கேட்டேன். 'எல்எல்விஎம்பைப்' என்று பதில் வந்தது. தம்பிகளே, இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இது வந்தால் உங்கள் கார்டு சும்மா கிடக்கிறது, பிராசஸரே ஒவ்வொரு புள்ளியையும் வரைந்து மூச்சு வாங்குகிறது என்று பொருள். மின்ட் நிறுவுகிற அன்று திரை கறுத்துப்போயிருக்கிறது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து 'நோமோட்செட்' என்ற சொல்லை, கணினியைத் துவக்கிவைக்கிற கிரப்பின் கோப்பில் எழுதிவிட்டு, எடுக்க மறந்துவிட்டார். அந்தச் சொல் அங்கே இருக்கிற வரை ஏஎம்டிஜிபியு டிரைவர் கார்டைக் கையிலெடுக்காது. அந்த ஒரு சொல்லை அழித்து ரீஸ்டார்ட் செய்தேன். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. எதையும் புதிதாக இறக்கவில்லை.

ஏன் இறக்க வேண்டியதில்லை? டிரைவர் என்பது இரண்டு அடுக்கு. கீழடுக்கான ஏஎம்டிஜிபியு 2015-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மேலடுக்கு மெசா, 1993-இல் பிரையன் பால் தொடங்கிய திட்டம். இன்றைய விளையாட்டுகள் கேட்கிற வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்கு மெசாவில் ஆர்ஏடிவி டிரைவர் இருக்கிறது. 2016-இல் ஏஎம்டிக்கு வெளியிலிருந்து டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹுய்சனும் எழுதத் தொடங்கியது அது. ஸ்டீம் நடத்துகிற வால்வ் நிறுவனம் பணம் போட்டு, அதற்கென்றே ஏசிஓ என்ற கம்பைலரை எழுதவைத்து 2019-இல் வெளியிட்டது. விளையாடுவதற்கென்றே 2022-இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் கருவிக்குள் ஓடுவதும் இந்த இலவச டிரைவர்தான். அதற்கும் மேலே ஒன்று: லினக்ஸில் தான் வளர்த்துவந்த ஏஎம்டிவிஎல்கே டிரைவரை 2025-இல் ஏஎம்டியே மூடிவிட்டு, ஆர்ஏடிவி பக்கம் வந்துவிட்டது. கம்பெனியே கைவிட்ட கம்பெனி டிரைவரைத் தேடி நீங்கள் ஏன் அலைகிறீர்கள்?

இந்தப் பேச்சு ஒருகாலத்தில் உண்மையாக இருந்தது. ஏஎம்டிக்கு எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்ற மூடிய டிரைவர் இருந்த நாளில் இலவச டிரைவர் வேகத்தில் பின்தங்கியே இருந்தது. 2016-இல் உபுண்டு 16.04 அதைக் கழற்றிவிட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய செய்தியை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என்விடியா கதை வேறு, அதை மறைக்க மாட்டேன். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, கம்பெனி கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அதனால் அந்தக் கார்டுகளில் இலவச நூவோ டிரைவர் தாழ்ந்த வேகத்திலேயே முடங்கிக் கிடக்கிறது. அங்கே கம்பெனி டிரைவர் வேண்டும். ஆனால் அதையும் தளத்திலிருந்து '.ரன்' கோப்பாக இறக்காதீர்கள். கெர்னல் புதுப்பிக்கப்பட்டதும் அது பொருந்தாமல் போய், மறுநாள் காலையில் கறுப்புத் திரையோடு என்னிடம் வருவீர்கள். மின்ட்டின் டிரைவர் மேனேஜரிலேயே அதே டிரைவர் இருக்கிறது. கெர்னல் மாறினால் கூடவே அதுவும் மாறும். டூரிங் வரிசையும் அதற்குப் பிந்தியதும் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை மாறிவருகிறது: 2022 மே மாதம் என்விடியா கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது, மெசாவில் என்விடியா கார்டுகளுக்கான இலவச வல்கன் டிரைவர் என்விகே வளர்ந்துவருகிறது.

"புது டிரைவர் போட்டால் பழைய கார்டும் ஓடும்" என்பது அடுத்தது. ஓடாது. அசெம்பிள் பண்ணும்போது தலையில் கட்டுகிற ஜிடி 710 கார்டுக்கு 470 வரிசையோடு என்விடியா டிரைவர் முடிந்தது. அதில் வல்கன் 1.3 இல்லை. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் வரைந்து தருகிற டிஎக்ஸ்விகே, 2022 நவம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதைக் கட்டாயமாகக் கேட்கிறது. 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580-க்கு இன்னும் புதிய மெசா வந்துகொண்டிருக்கிறது. விளையாட என்று ஜிடி 710-ஐக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

வேலரண்ட் விளையாட்டு லினக்ஸில் ஓடாதது டிரைவர் கோளாறு இல்லை. அதன் வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸுக்கு வரவே இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024-இல் லினக்ஸ்காரர்களுக்குக் கதவைச் சாத்தியது. எந்த டிரைவரும் அதைத் திறக்காது. "லினக்ஸில் கேமே ஓடாது" என்பவர்கள் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கிற, 2018-இல் வந்த புரோட்டானைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்.

இவ்வளவையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறது. கணியம் இதழ் 2012-இலிருந்து தமிழிலேயே எழுதிவருகிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் அரசுப் பள்ளிக் கணினி அறையை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் திறந்துவிட்டால் போதும். விண்டோஸ் 10 போய்விட்டது என்று கழித்துக்கட்ட ஒதுக்கிய இயந்திரங்களைக் குப்பைக்கு அனுப்பாமல் அங்கே வையுங்கள். பிள்ளைகளே மின்ட் நிறுவட்டும், கெடுக்கட்டும், கிரப் கோப்பைத் திறந்து தாங்களே சரிசெய்யட்டும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். சாவி வைத்திருக்கும் தலைமையாசிரியர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.