எண்ணெய்க்கு முன் நீர்

அரேபியத் தீபகற்பம் என்றதும் எமது நினைவுக்கு வருபவை மக்காவும் மதீனாவும், பரந்த மணல்வெளியும், எண்ணெய்க் கிணறுகளும்தான். எம்மவர் பலருக்கு அது உழைக்கச் சென்ற தந்தையோ சகோதரரோ இருக்கும் இடமும்கூட. உயர்தர வகுப்பில் புவியியல் கற்கும் நான் அப்பிரதேசத்தை விளங்கிக்கொள்ள முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: அங்கே நீர் எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடினால் நிலம், காலநிலை, மக்கள், பொருளாதாரம் ஆகிய நான்கையும் ஒரே தொடராகப் படித்துவிடலாம்.

நிலமும் காலநிலையும்

மேற்கே செங்கடல், கிழக்கே வளைகுடா, தெற்கே அரபிக்கடல். இவற்றுக்கிடையே சுமார் 32 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் அமைந்த இத்தீபகற்பம், மேற்கில் உயர்ந்து கிழக்கு நோக்கிச் சரியும் ஒரு மேட்டுநிலமாகும். ஆபிரிக்காவிலிருந்து இந்நிலப்பகுதி பிரிந்தபோது இடையில் செங்கடல் தோன்றியது. அதன் ஓரங்கள் மேலெழுந்து மலைகளாயின. கிழக்கிலோ பண்டைய கடலடியில் படிந்த அடையற் பாறைகள் தடித்துக் காணப்படுகின்றன. எண்ணெய் வளம் செறிந்திருப்பது அங்கேதான்.

கடகக் கோடு இத்தீபகற்பத்தின் ஊடாகச் செல்கிறது. இவ்வலயத்தில் வளி மேலிருந்து கீழிறங்குவதால் மழை முகில்கள் உருவாவது அரிது. பெரும்பாலான இடங்களுக்கு ஆண்டில் 100 மி.மீ. மழைகூடக் கிடைப்பதில்லை. சவூதி அரேபியாவில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ருப்உல் காலி பாலைவனம் மட்டும் சுமார் 650,000 சதுர கி.மீ. அது இலங்கையைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு.

ஆயினும் தெற்கு வேறுவிதமானது. எமது நாட்டுக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கும் எட்டிப்பார்க்கிறது. 3,600 மீற்றருக்கும் மேல் உயரும் யெமன் மலைகளில் கோடை மழை பெய்கிறது. ஓமானின் ஸலாலா குன்றுகள் ஜூன் முதல் செப்டெம்பர் வரை தூறலிலும் பனிமூட்டத்திலும் பச்சையாகின்றன.

நீர் அமைத்த குடியிருப்புகள்

மழைப் படத்தையும் குடியடர்த்திப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மழை பெறும் யெமன் மலைகளில் கிராமங்கள் நெருங்கியுள்ளன. அங்குள்ள மக்கள் சரிவுகளைப் படிப்படியாக வெட்டிப் பயிரிட்டனர். அவர்களது கோப்பி மொகா துறைமுகத்தினூடாக உலகெங்கும் சென்றது. சவூதியின் கிழக்கில் ஊற்றுகளை நம்பி வளர்ந்த அல்அஹ்ஸா பசுஞ்சோலையில் 25 இலட்சம் பேரீத்த மரங்கள் உள்ளன. ஓமானியர் மலையடி நீரை ‘பலஜ்’ எனும் வாய்க்கால்களில் இறக்கி, முறைவைத்துப் பகிர்ந்தனர். இவற்றுள் ஐந்து 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஸம்ஸம் ஊற்றைச் சுற்றி மக்கா எழுந்த வரலாறு நாம் கேட்டு வளர்ந்ததே. பின்னர் ஹஜ் யாத்திரிகர் பெருகியபோது, கலீபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி ஸுபைதா தொலைவிலிருந்து மக்காவுக்கு வாய்க்கால் அமைத்து நீர் கொணர்ந்தார். கூபாவிலிருந்து மக்கா வரையான பாதையில் கிணறுகளும் குளங்களும் அமைக்கப்பட்டன. அப்பாதை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. புவியியலை நன்கறிந்து செய்த அறப்பணி அது என்றே நான் கருதுகிறேன்.

எண்ணெய் வந்தபின்

1932இல் பஹ்ரைனிலும் 1938இல் சவூதியிலும் குவைத்திலும் எண்ணெய் கண்டறியப்பட்டது. முத்துக்குளித்தலை நம்பியிருந்த கரையோர ஊர்கள் மாநகரங்களாயின. அவற்றைக் கட்டியெழுப்ப வெளிநாட்டுத் தொழிலாளர் சென்றனர். இன்று கட்டாரிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் வாழ்வோரில் பத்தில் ஒன்பது பேரளவில் வெளிநாட்டவரே.

இத்தனை பேருக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? பெருமளவு கடலிலிருந்துதான். உப்பகற்றிய வளைகுடா நீர், 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழாய்களில் றியாத் நகருக்கு ஏற்றப்படுகிறது. இதற்குப் பெரும் சக்தி தேவை. கடல் மாசடைந்தால் ஆபத்து. 1991 வளைகுடாப் போரில் கடலில் பரவிய எண்ணெய் இந்நிலையங்களையே அச்சுறுத்தியது.

கோதுமையின் கதை இன்னும் முக்கியமானது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையால் சேர்ந்த தரைக்கீழ் நீரை இறைத்து, சவூதி அரேபியா கோதுமை ஏற்றுமதி செய்யுமளவுக்கு வளர்ந்தது. அந்நீர் மீண்டும் நிரம்புவதில்லை. எனவே 2008இல் அப்பயிர்ச்செய்கையைப் படிப்படியாகக் குறைக்கத் தீர்மானித்து, 2016இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவை அரசு நிறுத்தியது. பணம் இருந்தது, நிலம் இருந்தது, நீர்தான் இருக்கவில்லை.

ஆகவே தோழியரே, எந்தப் பிரதேசத்தைப் படித்தாலும் அதன் செல்வத்தைக் கணக்கிடுமுன் அதன் நீரைக் கணக்கிடுங்கள். பெற்றோரே, வளைகுடாவிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும்போது அங்கே குடிநீர் எப்படிக் கிடைக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பாடநூலில் உள்ள பாடம் வீட்டுக்குள்ளேயே விளங்கிவிடும்.