திரையில் ஓடும் பந்தயக் கார்

மாணவர்களே! 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது தமிழ்ப் பழமொழி. ஏட்டில் எழுதிய சுரைக்காயைக் கொண்டு சமைக்க இயலாது. அதுபோல, நூலறிவு மட்டும் நடைமுறை வாழ்வுக்குப் போதாது என்பது இதன் கருத்து. இன்றைய கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகள் உண்மையான காரையும் சாலையையும் திரையில் அப்படியே காட்டுகின்றன. அவற்றில் பழகியவர் உண்மையில் கார் ஓட்ட வல்லவர் ஆவாரா? அல்லது அவையும் ஏட்டுச் சுரைக்காய்தானா? இப்பாடத்தில் ஆராய்வோம்.

பாவனைக் கருவியின் தோற்றம்

உண்மைப் பொருளைப் போலவே இயங்கிப் பயிற்சி தரும் கருவியைச் சிமுலேட்டர் என்பர். தமிழில் இதனைப் பாவனைக் கருவி எனலாம். அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டில் விமானிகளுக்கான பாவனைக் கருவி ஒன்றை உருவாக்கினார். அவருடைய தந்தையார் இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். ஆர்கன் என்னும் இசைக்கருவிக்குரிய காற்றுத் துருத்திகளைக் கொண்டே லிங்க் தம் கருவியை அசையச் செய்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெருந்தொகையான விமானிகள் அதில் பயின்றனர். பயில்பவர் தரையிலிருந்தே தவறு செய்யலாம். அத்தவற்றால் உயிர் போகாது. இதுவே பாவனைக் கருவியின் தலையாய பயன் ஆகும்.

திரைக்குள் அறிவியல்

1997ஆம் ஆண்டு ஜப்பானில் கசுனோரி யமவுச்சியின் தலைமையில் உருவான 'கிரான் டூரிஸ்மோ' என்னும் விளையாட்டு வெளிவந்தது. உண்மையான கார்களின் எடை, எஞ்சின் ஆற்றல் முதலியவற்றைக் கணக்கிட்டுக் கார்களை ஓடச் செய்ததால் அது புகழ்பெற்றது. பின்னர் வந்த விளையாட்டுகள் சில, பந்தயத் தடங்களை லேசர் ஒளியால் அளந்து, அவற்றின் மேடு பள்ளங்களையும் திரைக்குள் கொண்டுவந்தன.

கார் ஓட்டத்தில் மிக நுட்பமான பகுதி டயர் ஆகும். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுள்ள பரப்பில்தான் சாலையைத் தொடுகிறது. அச்சிறு பரப்பின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. வளைவில் திரும்பும்போதே பிரேக்கைக் கடுமையாக அழுத்தினால், அவ்வெல்லை கடந்து கார் சறுக்கும். சிறந்த பாவனைக் கருவிகள் இப்பிடிப்பை ஒரு நொடிக்குள் பல நூறு முறை கணக்கிடுகின்றன. அதற்கேற்ப ஸ்டியரிங்கும் கையில் இறுகியும் தளர்ந்தும் உணர்த்துகிறது.

திரையிலிருந்து தடத்திற்கு

இங்கிலாந்து இளைஞர் ஜான் மார்டன்பரோ, கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் சிறந்தவர்களைப் பந்தய வீரர்களாக்கும் போட்டியில் 2011ஆம் ஆண்டு வென்றார். அதன்பின் உண்மைக் காரில் முறையான பயிற்சி பெற்றார். 2013ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அவருடைய குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா பந்தயத் தடத்தில், 2011 அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடைபெற்றது. அதன் நீளம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. புதிய தடமாதலால் வீரர்கள் பலர் அதன் வளைவுகளை முன்னரே பாவனைக் கருவியில் பழகிக்கொண்டனர். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரரான கோவையின் நரேன் கார்த்திகேயனும் அப்பந்தயத்தில் ஓட்டினார்.

எனவே, எந்த வளைவில் எப்போது திரும்புவது, எங்கே வேகத்தைக் குறைப்பது என்பனவற்றைக் கண்ணுக்கும் கைக்கும் இக்கருவிகள் நன்கு கற்பிக்கின்றன. அவ்வகையில் இவை கறிக்கு உதவும் சுரைக்காயே.

திரை தராதவை

ஆயினும், ஓட்டுநர் கண்ணாலும் கையாலும் மட்டும் ஓட்டுவதில்லை. உடல் முழுவதாலும் ஓட்டுகிறார். ஃபார்முலா 1 கார் விரைந்து வளையும்போது, வீரரின் எடையைப் போல் நான்கு ஐந்து மடங்கு விசை அவரைப் பக்கவாட்டில் தள்ளும். பாவனைக் கருவியின் இருக்கையோ அறையை விட்டு நகர்வதில்லை. பிரேக்கை அழுத்தும்போது அதனை முன்புறம் சாய்ப்பர். அப்போது புவியீர்ப்பு உடலை முன்னோக்கி இழுப்பதால், கார் வேகம் குறைவதாக மூளை எண்ணிக்கொள்ளும். இது நல்ல உத்தி. எனினும், இவ்வாறு கிடைக்கும் விசை புவியீர்ப்பை மிஞ்ச இயலாது. மேலும், கண் ஓட்டத்தைக் காண, உட்செவி அசைவை உணராதபோது சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தோன்றும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. விளையாட்டில் கார் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். உண்மையில் அவ்வாறு இயலாது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், மார்டன்பரோ ஓட்டிய கார் ஒரு மேட்டின் உச்சியில் காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். மார்டன்பரோ அதே தடத்தைத் திரையில் எத்தனை முறை ஓட்டியிருந்தாலும், அத்தகைய இழப்பைத் திரை அவருக்குக் காட்டியிருக்க இயலாது.

நம் சாலையில்

பந்தயத் தடத்தில் எல்லாக் கார்களும் ஒரே திசையில் செல்லும். நம் தெருவிலோ பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடிவரும்; முதியவர் தடியூன்றிக் கடப்பார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி ஆகலாம். விளையாட்டில் வெற்றி பெற்றதால் சாலையிலும் ஓட்ட முடியும் என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது. நம் நாட்டில் 18 வயது நிறைந்து, உரிமம் பெற்ற பின்னரே கார் ஓட்டலாம்.

தமிழில் 'பட்டறிவு' என்றோர் அரிய சொல் உண்டு. தானே பட்டு அறிவதால் பெறும் அறிவு அது. பாவனைக் கருவி கைப்பழக்கத்தைத் தரும். பட்டறிவு முழுவதையும் தராது. இவ்வேறுபாட்டை அறிந்து விளையாடுவோருக்கு விளையாட்டும் நல்ல ஆசிரியரே.

சொற்பொருள்

பாவனை – போலச் செய்தல்
துருத்தி – காற்றை ஊதும் கருவி
தலையாய – முதன்மையான
உத்தி – திறமையான வழிமுறை
உரிமம் – அரசு தரும் அனுமதி

பயிற்சிகள்

அ. விடை எழுதுக.
1. எட்வின் லிங்க் தம் கருவியை அசைக்க எதனைப் பயன்படுத்தினார்?
2. வளைவில் கார் சறுக்குவது ஏன்?
3. பாவனைக் கருவியின் இருக்கையை முன்புறம் சாய்ப்பது எதற்காக?

ஆ. பிரித்து எழுதுக.
நூலறிவு, உட்செவி, அவ்வெல்லை

இ. கணக்கிட்டு எழுதுக.
மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் எத்தனை மீட்டர் கடக்கும்?

ஈ. சிந்தித்து எழுதுக.
'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழி பாவனைக் கருவிக்குப் பொருந்துமா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக. வீட்டில் வாகனம் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம், அவர் பட்டறிவால் கற்றது யாது எனக் கேட்டு அதனையும் சேர்த்து எழுதுக.