எச்சில் தட்டும் பிள்ளைப்பேறும்

குடும்ப வாழ்வுப் பாடம்
(தாயும் தகப்பனும் ஒன்றாக அமரும் குழுக் கூட்டத்தில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கு)

பாடத்தின் நோக்கம்: இடம்பெயர்ந்து வாழும் காலத்தில் வீட்டு வேலையின் பாரம் யார்மேல் விழுகிறது என்பதைக் கண்டுகொள்ளல், பிள்ளை பெற்ற தாயின் உயிரைக் காப்பதில் தகப்பனுக்கும் குடும்பத்தாருக்கும் உள்ள பங்கை உணர்தல்.

1. நாம் கேட்டவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்தன. லயங்களும் மரக்கறித் தோட்டங்களும் மண்ணுக்குள் போயின. உயிர் தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் உறவினரின் இஸ்தோப்புகளிலும் ஒதுங்கின. அப்படி ஒதுங்கிய சில குடும்பங்களோடு ஹட்டன் பக்கத்தில் ஒரு மாலை நாம் அமர்ந்திருந்தோம். காணியையும் வீட்டையும் பற்றிப் பேசத்தான் போனோம். பேச்சு எச்சில் பாத்திரத்தில் வந்து நின்றது.

அங்கிருந்த ஓர் இளம் தாய் சில கிழமைகளுக்கு முன்னர் பிள்ளை பெற்றவர். பெற்ற ஒன்பதாம் நாள் பீலிக்கரையில் மயங்கி விழுந்திருக்கிறார். யாரோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸ் வந்து, உயிர் பிழைத்தார். நஞ்சுக்கொடியின் துண்டொன்று கருப்பையில் தங்கியதே இரத்தம் போனதற்குக் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பாத்திரம் கழுவியதால் அந்த இரத்தப்போக்கு வரவில்லை. ஆனால் இரண்டு நாட்களாக இரத்தம் அதிகமாகப் போவது தெரிந்தும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டோம். "நான் படுத்துட்டா யாரு சாமி சமைக்கிறது, யாரு சட்டி கழுவுறது?" என்றார்.

கணவரும் அருகில் இருந்தார். நல்ல மனிதர், குடிப்பழக்கம் இல்லாதவர். அவர் சொன்னார்: "நான் செய்ய மாட்டேன்னு சொல்லல சாமி. நாலு பேர் பார்க்க ஆம்புள பீலியில நின்னு சட்டி கழுவுனா சிரிப்பாங்க."

மாமியார் குறுக்கிட்டார்: "நாங்கெல்லாம் லயத்துலயே பெத்தவங்க. கடைசிப் புள்ளைக்கு மூணாம் நாளே பீலிக்குப் போயிட்டேன். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குத் தெம்பு இல்ல."

அவரிடம் மேலும் கேட்டோம். முதற் பிள்ளைக்கு எப்படி? "அப்ப எங்கம்மா இருந்தாங்க. முப்பது நாள் அடுப்புப் பக்கமே விடல." கடைசிப் பிள்ளைக்கு? "அம்மா செத்துப் போயிட்டாங்க. யாரு இருக்கா செய்ய?" சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அன்னையில இருந்து அடிவயிறு எறங்கினாப்லதான் இருக்கு. யாருக்கிட்ட சொல்றது?"

கூட்டத்தில் அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

2. இந்த எண்ணங்கள் எங்கிருந்து வந்தன?

தோட்டத்தில் வேலை எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்போம். கொழுந்து பறிப்பது பெண். கவ்வாத்து வெட்டுவதும் மருந்து அடிப்பதும் ஆண். ஆணின் வேலை பெரும்பாலும் கணக்கு வேலை. முடிந்ததும் பகல் ஒன்று, இரண்டு மணிக்கு வீடு திரும்பலாம். கொழுந்து பறிக்கும் பெண் மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்க வேண்டும். இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதுவரை மலையில் நீண்ட நேரம் நின்ற பெண்ணுக்கே குறைந்த கூலி. சம்பளம் சமமாகி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அடுப்படியும் பீலியும் இன்னும் சமமாகவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆறு பேர் உள்ள குடும்பம் மூன்று வேளை உண்டால், தட்டு 18, கோப்பை 18. சட்டி, அகப்பையோடு சேர்த்தால் நாளொன்றுக்குக் குறைந்தது 40 பாத்திரம். மாதத்துக்கு 1,200. இவற்றைக் கழுவும் கைக்கு எந்தச் செக்றோலிலும் பேர் விழுவதில்லை. அதனால் அது வேலையாகவே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இடப்பெயர்வு இந்தப் பாரத்தைக் கூட்டிவிடுகிறது. காணியும் தோட்ட வேலையும் இல்லாமற் போனதும் ஆணின் நாளில் நேரம் மிஞ்சுகிறது. பெண்ணுக்கோ தண்ணீர் தூரமாகிறது, விறகு ஈரமாகிறது, வரிசை நீளமாகிறது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவும் அம்மாவும் இப்போது வேறு முகாமில் இருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கைகொடுத்த பெண்களின் கூட்டம் மண்சரிவோடு கலைந்துவிட்டது. இதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

3. தீட்டு என்ற வழக்கம்

பிள்ளை பெற்றவள் முப்பது நாள் அடுப்பைத் தொடக்கூடாது என்று நம் முன்னோர் வைத்திருந்தனர். தீட்டு என்ற எண்ணத்தை நாம் ஏற்பதில்லை. உயிரைப் பெற்றெடுத்த உடல் எந்த வகையிலும் அசுத்தமாவதில்லை. ஆயினும் அந்த வழக்கத்துக்குள் ஒரு நன்மை இருந்தது: தாய்க்கு ஓய்வு கிடைத்தது, அந்த நாட்களில் வேறொரு பெண் வேலையை ஏற்றுக்கொண்டாள்.

இன்று சில குடும்பங்களில் நடப்பது என்ன? விளக்கேற்றாதே, கோவிலுக்குப் போகாதே என்ற தடைகள் அப்படியே நிற்கின்றன. ஓய்வு மட்டும் காணாமற் போய்விட்டது. நாம் இதை மாற்றிப் பிடிப்போம். தடையை விடுவோம், ஓய்வைக் காப்போம். வேலையை ஏற்க வேறு பெண் இல்லாவிடில் கணவரே ஏற்கட்டும்.

4. பிள்ளை பெற்ற உடலுக்கு என்ன தேவை?

பிள்ளை பிறந்தபின் தாயின் உடல் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு கிழமை செல்லும். வயிற்றின் அடித்தளத் தசைகள் தளர்ந்திருக்கும் இக்காலத்தில் பாரம் தூக்குவது நல்லதல்ல. 20 லீற்றர் கேன் நிறையத் தண்ணீர் என்றால் 20 கிலோ. அதைச் சரிவில் தூக்கி ஏறுவது பச்சை உடம்புக்காரியின் வேலையாக இருக்கக் கூடாது. கர்ப்பப்பை இறக்கம் என்ற நோய்க்குப் பாரம் தூக்குவதும் ஒரு காரணம். அதற்குச் சிகிச்சை உண்டு. அந்த மாமியாரைப் போன்றவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள்:

- ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுவதும் நனையும் அளவு இரத்தம் போதல், அல்லது கட்டி கட்டியாகப் போதல்
- காய்ச்சல், குளிர் நடுக்கம், கெட்ட வாடையுள்ள கசிவு
- கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு
- மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல்

இவற்றைத் தாய் மட்டும் அறிந்திருந்தால் போதாது. கணவரும் மாமியாரும் நாளுக்கு ஒருமுறையாவது அவளிடம் கேட்க வேண்டும். கேட்காத வீட்டில் அவள் சொல்லமாட்டாள்.

நம் நாட்டில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலம் முதல், வீடு தேடி வரும் மருத்துவிச்சிகளே தாய்மாரின் உயிரைக் காத்து வந்துள்ளனர். பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களுக்குள் இருமுறை மிட்வைஃப் அம்மா வந்து பார்ப்பது முறை. ஆனால் நீங்கள் இடம் மாறியது அவருக்குத் தெரியாவிட்டால் எப்படி வருவார்? எங்கு தங்கினாலும் அப்பகுதி மிட்வைஃபிடம் பெயரைப் பதியுங்கள். கர்ப்பிணி அட்டை மண்ணில் போயிருந்தால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். 1948இல் பிரஜாவுரிமையை இழந்து, ஒரு துண்டுக் காகிதத்துக்காகப் பல தசாப்தங்கள் அலைந்த சமூகம் நாம். தோட்டத்தில் வேலைசெய்யும் தாய்க்கு 12 கிழமைப் பிரசவ விடுமுறைக்கு உரிமை உண்டு. மூன்றாம் பிள்ளை முதல் அது குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது.

இந்த அலைச்சல்களும் அலுவல்களும் கணவர் செய்யக்கூடியவையே. பிரசவ அறைக்கு வெளியே அவருடைய கடமை நிறைய இருக்கிறது.

5. கொஞ்சத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் முறை

மண்டபங்களில் பலர் சேர்ந்து வாழும்போது ஒரு வீட்டு எச்சில் தட்டு பத்து வீட்டுக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கலாம். ஆகவே:

1. மிச்சச் சோற்றை முதலில் துடைத்தெடுத்து மூடிய வாளியில் போடுங்கள். எலி வருவது குறையும். எலிக்காய்ச்சல் ஆபத்தும் குறையும்.
2. மூன்று பேசின் வையுங்கள். முதலாவதில் சவர்க்காரத் தண்ணீர். சவர்க்காரம் இல்லாவிடில் சலித்த விறகுச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போதும். இரண்டாவதில் சுத்தத் தண்ணீர். மூன்றாவதில் சுடுதண்ணீர்.
3. கோப்பை, தட்டு, சட்டி என்ற வரிசையில் கழுவினால் தண்ணீர் சீக்கிரம் அழுக்காகாது.
4. துணியால் துடைக்காமல், மூங்கிலால் இடுப்பளவு உயரத்தில் தட்டி கட்டி, வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் மூடி வையுங்கள்.
5. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் கோப்பையையும் கரண்டியையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுங்கள்.

இதில் ஆணால் செய்ய முடியாதது எது என்று கேட்டோம். கூட்டத்தில் பதில் இல்லை.

6. இறைவார்த்தையின் ஒளியில்

பெத்லகேமில் மரியாள் பிள்ளை பெற்றபோது அவரும் சூசையப்பரும் ஊரைவிட்டு வந்தவர்கள். தங்க இடம் கிடைக்காதவர்கள். லூக்கா நற்செய்தி அங்கே தாயையோ மாமியாரையோ குறிப்பிடவில்லை. அன்றிரவு தண்ணீர் கொண்டுவந்தது யார்? சூசையப்பரை விட்டால் வேறு யாரை எண்ண முடியும்? இயேசு இறுதி இரவுணவின்போது சீடரின் பாதங்களைக் கழுவினார். உயிர்த்தபின் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அவர்களுக்குப் பரிமாறினார். வீட்டு வேலையில் பங்கெடுப்பதால் கணவனின் ஆண்மை குறைவதில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில் எடுத்துச் சொன்னார்.

குருக்களாகிய நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். குருமடத்தில் முறை வைத்துப் பாத்திரம் கழுவினோம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், "நீங்க வைங்க சாமி" என்று அம்மா தட்டை வாங்கிக்கொள்வார், நாமும் கொடுத்துவிட்டோம். பெரிய வியாழனன்று பீடத்தருகே பன்னிருவரின் பாதங்களைக் கழுவிவிட்டு, அன்றிரவு உண்ட தட்டை மேசையிலேயே விட்டு எழுந்ததும் உண்டு.

7. கலந்துரையாடுவோம்

1. நேற்று உங்கள் குடும்பத்தில் தாயும் தகப்பனும் விடியற்காலை முதல் படுக்கும்வரை செய்த வேலைகளை மணிவாரியாக எழுதுங்கள். இரு பட்டியல்களையும் அருகருகே வைத்தால் என்ன தெரிகிறது?
2. உங்கள் தாய் உங்களைப் பெற்றபோது எத்தனை நாள் ஓய்வு பெற்றார்? யார் உதவினர்? வயதான பெண்கள் பேசட்டும், ஆண்கள் கேட்கட்டும்.
3. பீலியில் நின்று கழுவும் ஆணைப் பார்த்துச் சிரிப்பவர் யார்? ஏன் சிரிக்கிறார்?

செயற்பாடு: உங்கள் இடத்தில் உள்ள கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்று ஆறு கிழமை ஆகாத தாய்மாரையும் கணக்கெடுங்கள். ஒவ்வொரு தாய்க்கும் தண்ணீர் தூக்கவும் பாத்திரம் கழுவவும் யார் பொறுப்பு என்று பெயர் எழுதுங்கள். முதற் பெயர் கணவருடையதாக இருக்கட்டும்.

நாம் விடைபெறும் வேளையில் அந்த இளம் கணவர் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு பீலிப் பக்கம் இறங்கினார். இரண்டு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். மாமியார் திரும்பிப் பார்த்து, "சிரிக்கிறவன் வந்து ஒரு சட்டியைப் புடிங்கடா" என்றார்.