பட்டிப்பூச் செடிக்கு உகந்த வெப்பமும் ஈரமும்

கடற்கரை மணலிலும், வேலியோரங்களிலும், பழைய மதில்களின் வெடிப்புகளிலும் எவரும் நீரூற்றாமலே தழைத்து, ஆண்டு முழுவதும் பூக்குஞ் செடி பட்டிப்பூவாகும். நித்தியகல்யாணி என்னும் பெயர் இதற்குப் பொருத்தமானதே. ஆயினும், இதே செடியை முற்றத்துப் பாத்தியில் நட்டு நாள்தோறும் நீரூற்றிப் பேணுவோர் பலர், மாரி தொடங்கியதும் அது சில நாட்களில் அழுகி மடிவதைக் காண்கின்றனர். கவனிப்பாரற்ற செடி வாழவும் பேணப்பட்ட செடி சாகவும் காரணம் என்ன என்பதை அறிந்து கொண்டால், இதனை வளர்ப்பது எளிதாகும்.

இச்செடியின் தாயகம் மடகாசுக்கர்த் தீவு. வெயில் மிகுந்த, நீர் விரைவில் வடியும் நிலமே இதற்கு இயல்பானது. வெப்பத்தை இது விரும்புவதுபோலக் குளிரை விரும்புவதில்லை. பகலில் 25 முதல் 32 பாகை செல்சியசு வரை வெப்பமுள்ள இடங்களில் நன்கு வளரும். 35 பாகையைத் தாண்டினும் பூப்பது நிற்பதில்லை. வெப்பநிலை 18 பாகைக்குக் கீழே நெடுநாள் நிற்குமாயின் வேர்கள் ஊட்டத்தை உறிஞ்ச இயலாது சோர்வடையும்; இளம் இலைகள் மஞ்சளாகும்; வளர்ச்சி குன்றும். யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. நுவரெலியாவினது ஏறத்தாழ 16 பாகை. முன்னையதில் களைபோற் பெருகுஞ் செடி, பின்னையதில் வெயில் விழும் சுவரோரத்திற் சாடியில் வைத்தாலன்றிச் செழிக்காமைக்கு இதுவே காரணம்.

ஈரத்தைப் பற்றிப் பேசும்போது மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். அவை காற்றின் ஈரப்பதன், மண்ணின் ஈரம், இலைமேற் படிந்திருக்கும் நீர் என்பன. காற்றின் ஈரப்பதன் மட்டும் இச்செடியைக் கொல்வதில்லை. அவ்வாறாயின் கடற்கரையில் இது வாழ்ந்திராது. செடியைக் கெடுப்பவை மற்றை இரண்டுமேயாம். ஆனால் காற்று ஈரமாயிருக்கும்போது இலைகள் உலரத் தாமதமாகின்றன, மண்ணும் காய்வதில்லை. எனவே ஈரக்காற்று நேராகப் பகையன்று எனினும், பகைக்குத் துணையாகின்றது.

இவ்விடத்திற் பெரும்பாலோர் செய்யும் தவறொன்றைக் குறிப்பிடுதல் தகும். கடும் வெயிலில், நண்பகலில், பட்டிப்பூவின் இலைகள் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். இது நோயன்று. வெயில் படும் பரப்பைக் குறைத்து ஆவியுயிர்ப்பைத் தணிக்கச் செடி கொள்ளும் உபாயமே இது. மாலையானதும் இலைகள் தாமே விரியும். இதனை அறியாதோர், செடி வாடிவிட்டதென எண்ணி உச்சிப்பொழுதிலும் நீரூற்றுவர். மறுநாளும் சுருளும், மறுநாளும் ஊற்றுவர். ஈற்றில் வேர் அழுகி, மண் நனைந்திருக்கும்போதே செடி உண்மையாக வாடும். அப்பொழுதும் மேலும் நீர் வார்ப்பவர் உளர்! செடியை அதிகாலையிற் பார்த்தலே சரியான சோதனை. அதிகாலையில் நிமிர்ந்து நிற்பின் நீர் தேவையில்லை. அதிகாலையிலும் தொங்கி, விரலை இரண்டு அங்குலம் மண்ணுட் செலுத்தும்போது உலர்ந்திருப்பின் நீர் தேவை. தொங்கியிருந்தும் மண் நனைந்திருப்பின் வேர் கெட்டுவிட்டது என்பதே பொருள்.

மாரியில் இதனைத் தாக்கும் முதன்மையான நோய் பைற்றோதோரா என்னும், பங்கசையொத்த நுண்ணுயிரால் உண்டாகின்றது. அதன் நீந்தும் வித்திகள் நீர்ப்படலத்திலேயே இயங்கக்கூடியவை. மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது அவை கீழிலைகளை அடைகின்றன. இளந்தண்டுகள் வெந்நீர் பட்டவைபோலக் கருமை கலந்த பச்சையாகி மடிந்து விழும். நோயுற்ற செடியை வேருடனும் அதைச் சூழ்ந்த மண்ணுடனும் அகற்றுதல் வேண்டும். அதே குழியில் வேறொரு பட்டிப்பூவை நடுதல் வீண்முயற்சி. நோய்க்கிருமி மண்ணில் நெடுங்காலம் தங்கும். இதே இனம் புகையிலையின் தண்டையும் அழுகச் செய்வதாதலால், பிடுங்கிய செடிகளைத் தோட்டத்துப் பசளைக் குழியில் இடாது எரித்துவிடுதல் நன்று.

இவற்றிலிருந்து பயிரிடும் முறை தெளிவாகின்றது. வட மாகாணத்தில் மாசி, பங்குனியில் விதைத்தால், ஐப்பசி மழைக்கு முன் செடி அடி முற்றி நிற்கும். மாரியில் முளைக்கும் நாற்று நிலைத்தல் அரிது. விதை முளைக்க 24 முதல் 27 பாகை வெப்பமும் இருளும் வேண்டும். ஆதலின் மெல்லிய மணலால் மூடி, முளைக்கும்வரை மட்டும் ஈரமாய் வைத்து, பின்னர் நீரைக் குறைத்தல் வேண்டும். பாத்தியைத் தரைமட்டத்துக்கு மேல் ஆறு அங்குலமேனும் உயர்த்தி, களிமண்ணாயின் மணலும் கூட்டெருவும் கலந்து, செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுதல் வேண்டும். நெருங்க நடப்பட்ட செடிகளுட் காற்றுப் புகாது, இலை உலராது. நீரைக் காலையில், வேரடியில் வார்க்க வேண்டும். மாலையில் இலைமேற் தெளித்தல் நோயை அழைப்பதற்கு ஒப்பாகும். பட்டமரத் தூளோ உலர்ந்த சருகோ மண்மேற் பரப்பினால் மழைத்துளி தெறிப்பது குறையும்; ஆனால் அது தண்டைத் தொடலாகாது.

இலையைக் கசக்கிக் குடித்தால் நீரிழிவு தணியும் எனச் சிலர் நம்புவர். கனடாவில் 1950களில் இந்நம்பிக்கையை ஆராய்ந்தபோதே, புற்றுநோய்க்குப் பயன்படும் வின்பிளாத்தின் என்னும் மருந்து 1958 இல் இச்செடியிலிருந்து கண்டறியப்பட்டது. ஆயின் அம்மருந்து குருதியணுக்கள் உண்டாவதைத் தடுக்கும் கடுமையுடையது. எனவே செடியை வீட்டு வைத்தியமாகக் குடித்தலும், ஆடுமாடுகளை அதில் மேயவிடுதலும் ஆபத்தானவை.

விதைக்காக, பூவுக்கு இரண்டாகத் தோன்றும் ஒடுங்கிய காய்கள் பச்சை மாறி மஞ்சளாகும்போதே பறித்தல் வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெடித்துக் கரிய விதைகள் சிதறிவிடும். காய்களைத் தாளில் இட்டு நிழலில் உலர்த்தி, விதையைப் போத்தலில் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.